பிள்ளையார் சுழிக்குக் கீழே

ஐயா, அந்த நோட்டு உங்கள் கையில் பத்து விநாடி இருந்தது. மேடையை ஒட்டித்தான் நின்றேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் பக்கத்தைத் திறந்தீர்கள். உச்சியில் பென்சிலால் போட்டிருந்த பிள்ளையார் சுழி கண்ணில் பட்டது. உங்களுக்குச் சிரிப்பு வந்தது. மைக்கைக் கிட்டே இழுத்தீர்கள். "சுழி போட்டு ஆரம்பிக்கிறவங்க விஞ்ஞானி ஆக முடியாதும்மா. வேணும்னா ஜோசியர் ஆகலாம்" என்றீர்கள். அறுநூறு பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தலைமையாசிரியரும் சிரித்தார். நோட்டை மூடி, அதை நீட்டிய பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டீர்கள்.

அந்த நோட்டுக்குள் நாற்பத்தொரு இரவு இருந்தது, ஐயா.

2024 டிசம்பரில் வியாழன் ரோகிணிக்குப் பக்கத்தில் நின்றது. இருட்டியதுமே கிழக்கே பளிச்சென்று தெரியும். எங்கள் பள்ளியில் ஒரு சின்னத் தொலைநோக்கி உண்டு. பழைய மாணவர் ஒருவர் வாங்கிக் கொடுத்தது. முக்காலியில் ஒரு காலை நைலான் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறோம். அதை என் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், பத்தாம் வகுப்பில் யாருக்கு விருப்பமோ வாருங்கள் என்றேன். முதல் நாள் இருபது பேர் வந்தார்கள். பொங்கலுக்கு முன்பே ஒருத்திதான் மிச்சம்.

அவள் அப்பா சூளையில் கல் அறுக்கிறவர். வெள்ளிக்கிழமையானால் கருப்பசாமி கோயில் பூசாரி. சாயங்காலம் டிவிஎஸ் ஃபிஃப்டியில் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை கீழே திண்ணையில் உட்கார்ந்திருப்பார். முதல் வாரத்தில் என்னிடம் கேட்டார்: "டீச்சர், குரு ரிஷபத்துல இருக்காருன்னு காலண்டர்ல போட்டிருக்கானே, பாப்பா பாக்குறது அதைத்தானா?" ஆமா அண்ணே, அதேதான் என்று மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். கண்ணை எடுக்கவே இல்லை மனிதர். "அவரு அங்க இருக்கிறதால உங்க பொண்ணு கல்யாணம் முந்தவும் செய்யாது பிந்தவும் செய்யாது" என்று இறங்கும்போது சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு அவருக்கு நம்ம வீட்டு சோலி எதுக்கு" என்றார். ஐயா, முப்பது வருடமாக நான் செய்கிற வேலை இதுதான். இப்படித்தான் நடக்கும், இவ்வளவு மெதுவாகத்தான் நடக்கும்.

அவள் ஒவ்வொரு இரவும் ஒரு வட்டம் போட்டு, அதன் இரண்டு பக்கமும் நிலாக்களைப் புள்ளியாக வைப்பாள். நேரம் எழுதுவாள், மேகம் இருந்தால் அதையும் எழுதுவாள். ஒருநாள் மாடியிலிருந்து கூப்பிட்டாள். "நேத்து நாலு இருந்துச்சு டீச்சர், இன்னிக்கு மூணுதான் இருக்கு. நான் தப்பாப் பாக்குறேனா?" நாலு என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். புத்தகத்தில் பெரிய நிலா நாலு என்றுதான் இருக்கிறது, யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அவள் மூன்று புள்ளி வைத்தாள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

ஆராய்ச்சிக் கூடங்களில் எத்தனை பேருக்கு அந்தக் கேள்விக்குறி போட மனம் வரும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு அவளிடம் ரோமர் கதையைச் சொன்னேன். வியாழனுக்குப் பின்னால் போய் மறையும் ஒரு நிலவின் நேரக் கணக்கு இடிக்கிறதே என்று பார்த்துத்தான் 1676இல் அந்த டென்மார்க்குக்காரர் ஒளிக்கும் ஒரு வேகம் உண்டு, அது வந்துசேர நேரம் ஆகிறது என்றார். அவள் சும்மா கேட்டுக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வந்ததும் வராததுமாக, "அப்ப நாம பாக்குறது பழைய வியாழனா டீச்சர்?" என்றாள். ஆமாம் கண்ணு, அரைமணி நேரத்துக்கும் மேலே பழசு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு வானத்தைப் பார்த்த அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இதெல்லாம் சுழிக்குக் கீழேதான் இருந்தது, ஐயா. உங்கள் விரலுக்கும் அதற்கும் ஒரு தாள்தான் இடைவெளி.

பிப்ரவரி 28. ராமன் விளைவு பிறந்த நாள். ஒளி எப்படிச் சிதறுகிறது என்று நீங்கள் பேசுவீர்கள் என்று நம்பித்தான் அழைத்தேன். ஐந்து நிமிடம் பேசினீர்கள், நன்றாகத்தான் பேசினீர்கள். பிறகு, "இன்னிக்குக் காலையில சாமி கும்பிட்டுட்டு வந்தவங்க கையைத் தூக்குங்க" என்றீர்கள். பிள்ளைகள் பரிசு கிடைக்கும் என்று நினைத்து ஆசையாகத் தூக்கினார்கள். "இந்தக் கையெல்லாம் கீழே இறங்கினாத்தான் இந்த நாட்டுல அறிவியல் மேலே ஏறும்" என்றீர்கள். கைதட்டல் வரட்டும் என்று நிறுத்தினீர்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பிள்ளைகளைச் சொல்லி என்ன, டீச்சர் நெத்தியைப் பாத்தாலே தெரியுதே" என்றீர்கள்.

என் நெற்றியைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், கேளுங்கள்.

மதுரை மீனாட்சி கோயிலுக்குள் எங்கள் ஆட்கள் கால் வைக்க முடிந்தது 1939 ஜூலை 8ஆம் தேதிக்குப் பிறகு. வைத்தியநாத ஐயர் கூட்டிக்கொண்டு உள்ளே போன நாள் அது. என் பாட்டிக்கு அப்போது பதினாலு வயது. அதுவரை தெருவிலிருந்து கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று சொல்லித்தான் அனுப்புவார்களாம். உள்ளே போக முடிந்தவன் எவனாவது அந்தப் பழமொழியைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பாட்டி முதன்முதலாகச் சந்நிதிக்குள் நின்று வாங்கிய திருநீற்றைத் துணியில் முடிந்து, பெட்டியில் வைத்து, கடைசிவரை காப்பாற்றினாள். என் நெற்றியில் இருப்பது அந்த வழியில் வந்தது. நீங்கள் அதைப் பார்த்து அறியாமை என்றீர்கள். எங்களை வெளியே நிறுத்தியவர்களின் திருநீறும் என் பாட்டியின் திருநீறும் உங்கள் கண்ணுக்கு ஒரே வெள்ளைதான்.

பெரியாரை எனக்குக் காட்டாதீர்கள். பெரியார் எங்கள் வீட்டுக் கூடத்தில் படமாக இருக்கிறார். என் அப்பா தினமும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். பெரியாருக்கே பிடிக்காத காரியம்தான், என்ன செய்வது. ஆனால் அவர் கடவுள் இல்லை என்றபோது எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்களை வெளியே நிறுத்திய கதவைப் பார்த்துக் கத்தினார். உங்கள் மேடையிலிருந்து வந்தது எங்கள் பக்கம் திரும்பிய சிரிப்பு.

எனக்கு வசவு புதிதில்லை. 1995 செப்டம்பர் 21ஆம் தேதி பிள்ளையார் பால் குடித்தாரே, நினைவிருக்கிறதா? டெல்லியில் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து ஊட்டி, அது சிலைமேல் வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். இங்கே நான் வேலையில் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. அம்மிக்கல்லை நிமிர்த்தி வைத்து, நிறைந்த கரண்டியை அதன் விளிம்பில் தொட்டுக் காட்டினேன். அம்மியும் குடித்தது. பரப்பு இழுவிசை என்று சொல்லிக்கொடுத்தேன். தெருவே கூடி நாத்திகி என்றது. மாமியார் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட ஒரு மாதம் ஆனது.

2010 ஜனவரி 15 தை அமாவாசை. அன்றைக்குத்தான் கங்கண கிரகணம். ராமேஸ்வரத்தில் வளையம் பத்து நிமிடம்போல நிற்கும் என்று பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டம் கடற்கரை கொள்ளாமல் நிற்கிறது. கிரகணத்தைப் பார்த்தால் கண் போகும், பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக்கூடாது என்று ஒரே பேச்சு. வடிகட்டிக் கண்ணாடி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். வெறுங்கண்ணால் பார்த்தால் கண் போவது நிஜம் பாட்டி, பாம்பு முழுங்குறதுதான் பொய். இந்த நிமிஷத்துல பிடிக்கும், இந்த நிமிஷத்துல விடும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லிட்டாங்களே, பாம்பு என்ன டைம்டேபிள் பார்த்தா முழுங்கும்? சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கடலில் முங்கினார்கள். நானும் என் அப்பாவுக்காக முங்கினேன். சூரியன் எதுவும் சொல்லவில்லை.

அப்போது பக்திமான்கள் ஏசினார்கள். இப்போது நீங்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளத்துக்காவது மேளக்காரன் வார் இழுத்துக் கட்டுவான்.

நீங்கள் நாத்திகர் என்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. விண்மீன்களை ஆராய்ந்த சந்திரசேகர் நாத்திகர்தான், தானே சொன்னார், அதற்காக அவர் விண்மீன்கள் குறைந்துபோகவில்லை. எங்கள் பக்கத்து நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் எழுதிக் காட்டுகிறாள் என்ற ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி, பழுத்த நாத்திகர். அவர் என்ன செய்தார்? நாமகிரியை விட்டுவிட்டுக் கப்பல் ஏறு என்றாரா? நிரூபணம் எங்கே என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். அது ஒன்றுதான் அவர் பிடிவாதம். பத்து விநாடியில் நோட்டை மூடும் ஆளாக ஹார்டி இருந்திருந்தால், 1913இல் சென்னைத் துறைமுகக் குமாஸ்தா அனுப்பிய அந்தக் காகிதக் கட்டு குப்பைக் கூடைக்குப் போயிருக்கும்.

1979 நோபலை நினைத்துப் பாருங்கள். மின்காந்தமும் மென்விசையும் ஒன்றுதான் என்று சொன்னதற்காக மூன்று பேருக்குக் கொடுத்தார்கள். அதில் வைன்பர்க் மதத்தைப் பிய்த்து உதறியவர். சலாம் தலைப்பாகை கட்டிக்கொண்டு போய், விருந்துப் பேச்சில் குர்ஆன் வசனம் சொன்னவர். இரண்டு பேரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தச் சமன்பாட்டில் எந்தக் குறியீடு தொழுதது, எந்தக் குறியீடு மறுத்தது, காட்டுங்கள் பார்ப்போம். சலாமை அவர் நாட்டு நம்பிக்கையாளர்கள் விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. கல்லறைக் கல்லில் இருந்த முஸ்லிம் என்ற சொல்லைக்கூட அழித்தார்கள். எனக்கு அந்த மனிதரை நினைத்தால் தொண்டை அடைக்கும்.

இதையெல்லாம் எங்கள் கணக்கு சாரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் கறுப்புச்சட்டைக்காரர், என் முப்பது வருடத் தோழர். "நீ சொல்ற மாதிரி பதமா, இதமா, கடவுளைத் தொடாமப் பேசினவர்தான் தபோல்கர். கும்பிடறது உங்க உரிமை, உங்களை ஏமாத்துறவனைத்தான் எதிர்க்கிறேன்னு ஊர் ஊராச் சொன்னாரு. 2013 ஆகஸ்ட் 20, காலையில நடக்கப் போனவரைப் புணேயில சுட்டுட்டானுங்க. பதமாப் பேசி என்ன ஆச்சு?" என்றார். கோயம்புத்தூரில் 2017இல் இறைமறுப்புக்காக வெட்டிச் சாய்க்கப்பட்ட ஃபாரூக்கையும் சொன்னார். எனக்குப் பதில் இல்லை, ஐயா. இன்றுவரை இல்லை. கொல்கிறவர்கள் இருக்கும் நாட்டில் கடவுள் இல்லை என்று உரக்கச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும், அந்தத் தைரியத்துக்குமுன் நான் தலைகுனிகிறேன். ஆனால் அந்தத் தைரியத்தைப் பதினைந்து வயதுப் பெண்ணின்மீது பரீட்சித்துப் பார்க்கிறவரை அந்தக் கணக்கில் நான் எப்படிச் சேர்ப்பது?

கோவூர் இலங்கையில் தாவரவியல் வாத்தியாராக இருந்தவர். அவரும் நாத்திகத்தைப் பறைசாற்றியவர்தான். அற்புதம் செய்வேன் என்கிறவன் வா, என் கண்முன் செய்து காட்டு, லட்ச ரூபாய் தருகிறேன் என்று பந்தயம் கட்டினார். சாமியார்களோடு கட்டினார். பத்தாம் வகுப்புப் பிள்ளையோடு கட்டவில்லை. பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த இயற்பியல்காரர் நரசிம்மையா 1976இல் குழு போட்டு, நாட்டிலேயே செல்வாக்குள்ள சாமியாரை, சோதனைக்கு வாருங்கள் என்று கேட்டார். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார்கள்.

நீங்கள் கேட்கிறீர்களா? ராக்கெட் விடுவதற்கு முன்னால் அதன் பொம்மையைத் திருப்பதிப் பெருமாள் காலில் வைத்துவிட்டு, வாசலில் பேட்டி கொடுக்கிறார்களே, பதவிப் பெயரோடு, கேமரா முன்னால். சாமி கும்பிடும் எனக்கே அது உறுத்துகிறது. வீட்டு மனிதராகப் போய் எவ்வளவு வேண்டுமானாலும் கும்பிடட்டும். நாட்டின் விஞ்ஞானியாகப் போய் நின்றால் அது ஒரு பிரச்சாரம். அவர்களோடு நீங்கள் கருத்தரங்கில் ஒரே மேசையில் சாப்பிடுகிறீர்கள். அங்கே யாரையாவது கையைத் தூக்கச் சொன்னீர்களா?

சொல்லுங்கள் ஐயா, கடவுள் இல்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். புத்தகம் எழுதுங்கள், வாதத்துக்கு வாருங்கள், நானே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன், கேள்வியும் கேட்பேன். உங்கள் பெயரில் சொல்லுங்கள். இயற்பியலின் பெயரில் கையெழுத்துப் போடாதீர்கள். அறிவியலின் வாசலில் உட்கார்ந்துகொண்டு, திருநீற்றை அழித்துவிட்டு உள்ளே வா என்று சொல்லாதீர்கள். வாசலில் நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அரசியல் சாசனம் 51ஏ பிரிவைப் பேச்சின் கடைசியில் சொன்னீர்களே, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று. அதே வரியில் அடுத்த சொல் மனிதநேயம். அதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டீர்கள். நேரமாகிவிட்டது போலிருக்கிறது.

ஜூன் மாதம் பதினோராம் வகுப்புச் சேர்க்கை. அறிவியலில் தொண்ணூற்று ஆறு வாங்கியிருந்தாள். ஃபர்ஸ்ட் குரூப் விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்து வைத்திருந்தேன். அவள் காமர்ஸ் குரூப்பில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அப்பா தடுத்திருப்பார் என்று நினைத்து வண்டியை எடுத்துக்கொண்டு சூளைக்கே போனேன். அவர் கையில் சேறோடு நின்று, "நான் ஒண்ணும் சொல்லல டீச்சர், நீங்களாவது சொல்லுங்க" என்று என்னிடமே கெஞ்சினார்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "சாமி கும்பிடுறவங்களுக்கு அது வராதுன்னு அந்த ஐயா சொன்னாருல்ல டீச்சர்" என்றாள்.

எவ்வளவு பெரியவர் சொன்னாலும் சோதிக்காமல் ஏற்காதே என்பதுதான் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். வியாழன் விஷயத்தில் புத்தகத்தையே நம்பாமல் மூன்று புள்ளி வைத்தவள். உங்கள் ஒரு வாக்கியத்தை மட்டும் சோதிக்காமல் நம்பிவிட்டாள். நீங்கள் விஞ்ஞானி அல்லவா, தப்பாகவா சொல்வீர்கள்?

அவர் சொன்னா ஆச்சா, நான் கும்பிடலையா, நான் பிசிக்ஸ் டீச்சர் இல்லையா என்று சத்தம் போட்டேன். ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்த்தது. அவள் அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்: "எழுதுறதை நிறுத்திப் பாத்தேன் டீச்சர். கும்பிடுறதை நிறுத்த முடியல."

அதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. போகும்போது நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வீட்டில் பிரித்தேன். முதல் பக்கத்தில் சுழி இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. நாற்பத்தொரு பக்கத்திலும் ரப்பரால் அழித்திருக்கிறாள். அழுத்தி அழித்ததில் சில பக்கங்களில் அந்த இடம் நைந்து, ஒரு பக்கத்தில் ஓட்டையே விழுந்திருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் தடம் தெரிகிறது. கீழே வட்டமும் புள்ளிகளும் நேரமும் அப்படியே இருக்கின்றன. பதினேழாம் நாளின் கேள்விக்குறியும் இருக்கிறது.